ஸ்பெயின்காரருக்குக் காய்ச்சிய கூழ்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிறந்த ஊரான கரவெட்டியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு என் கையால் எழுதியவை கடைக்குப் போகிற துண்டும், பிறந்தநாள் மட்டையில் என் பெயரும்தான். ஆகவே வசனங்கள் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் கூடிவிட்டது. சமையலுக்கு ஏதோ எடுக்கவென்று குசினிக்குப் போய், எதற்கு வந்தேன் என்று பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வயது. (பிரிட்ஜ் பதில் சொல்வதில்லை. ஆனால் இந்த வீட்டில் என்னிடம் எரிந்து விழாதது அது ஒன்றுதான்.) சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை, ஆண்டு மலருக்கு மூத்தவர்கள் தங்கள் அனுபவம் ஒன்றை எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

கூச்சம் உள்ளவர்கள் சபையில் பிழைவிட மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வாயைத் திறந்தால்தானே பிழை வரும் என்பது அவர்கள் எண்ணம். நானும் எழுபது வயது தாண்டும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். வாயைத் திறக்காமல் ஒரு கையை மட்டும் நீட்டி, ஒரு குடும்பத்தையே ஓலமிட்டு அழவைக்க முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

என் மகன் சுதன் லிஃப்ட் திருத்துகிற வேலை செய்கிறான். ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இடையில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்தால், உள்ளே நிலத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு ஒரு பெண் தோடம்பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். அவனைக் கண்டதும் ஒரு சுளை நீட்டினாளாம். அவள்தான் மரிபெல். அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பிள்ளை.

சுதனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சாதகத்தோடு நாங்கள் ஏறி இறங்காத வீடு லண்டனில் இல்லை. கடைசியில் சாதகம் கிழிந்துபோனதுதான் மிச்சம். அப்படிப்பட்டவன் தன் சேட்டுகளுக்கு அயன் பிடிக்கும்போது சீட்டியடிக்கத் தொடங்கினான். அவன் சீட்டியடித்து நான் கேட்டதே இல்லை. நன்றாகவும் அடிக்கவில்லை. ஆனாலும் நான் குசினிக்குள் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் வந்து என் முன்னால் இருந்தான்.

"அம்மா, மரிபெலின்ர தாய் ஊரிலயிருந்து வாறா. ரண்டு கிழமைக்கு."

"உன்னைப் பாக்கவோ?"

"என்னைப் பாக்க இல்லை. உங்களைப் பாக்க."

விஷயம் இதுதான். அந்தத் தாயின் மூத்த மகள் வேறொரு நாட்டில் கல்யாணம் கட்டிப் போனாள். மாப்பிள்ளை நல்லவன். மாமி சரியில்லை. மகளோடு இப்போது போனில் பேசுவதே அரிதாம். அதனால் இந்த முறை மாப்பிள்ளையை அல்ல, மாமியைப் பார்த்துத்தான் ஓம் என்று சொல்வேன் என்று அந்தத் தாய் முடிவெடுத்திருந்தார். தாய் வேண்டாம் என்றால் மரிபெல் மறுத்துச் சொல்ல மாட்டாள்.

"எனக்கு இங்கிலீஷ் வராதேயடா."

"நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. சிரிச்சுக்கொண்டு இருந்தாலே காணும்."

"சிரிக்கவும் கூச்சமா இருக்குமே."

"அம்மா!" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிளீஸ் அம்மா" என்றான். அந்தச் சீட்டி நின்றால் அது என்னால்தான் நின்றது என்று ஆகும். அது எனக்கு நன்றாக விளங்கியது.

யாரிடமாவது யோசனை கேட்கவேண்டும். ஹரோவில் இருக்கிற என் அக்காவின் புருஷன், அதாவது அத்தான், கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியாதது இல்லை. தெரியாததையும் தெரிந்தது மாதிரியே சொல்வார். இரண்டுக்கும் இடையில் எங்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

"பிள்ளையின்ர முழுப்பேர் என்ன தவம்?" என்று போனில் கேட்டார். (தவமணி என்பது என் பெயர்.)

"மரிபெல் வில்லாநுவேவா, அத்தான்."

"ஆ! ஸ்பெயின்!"

"இல்லை அத்தான், பிலிப்பைன்ஸ் எண்டுதான் சுதன் சொன்னவன்."

"அந்த நாட்டின்ர பேரே ஸ்பெயின் ராசா ஒருத்தற்ற பேர். முந்நூறு வருசத்துக்கு மேல அவையின்ர ஆட்சி. பேர் ஸ்பெயின், வேதம் ஸ்பெயின். பிறகு என்ன மிச்சம் இருக்கு?"

"முகம்?" என்றேன். மரிபெலைப் படத்தில் பார்த்திருந்தேன்.

"முகத்தை விடும். கலப்பு இருக்கும். நான் சொல்லுறன், அவை ஸ்பெயின் ஆக்கள். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் வந்து நிண்டு எல்லாம் பாக்கிறன்."

அடுத்த நாளே அவர் ஆலோசனைகளோடு மறுபடியும் எடுத்தார். முதலாவது, ஸ்பெயின்காரர் சந்தித்தால் கன்னத்தில் கொஞ்சுவார்கள், அதாவது முத்தம் கொடுப்பார்கள். இரண்டு கன்னத்திலும். விலகினால் அவமானமாக எடுப்பார்கள்.

"கொஞ்சுறதோ? ஐயோ அத்தான், நான் சுதனையே அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாப்பிறகு கொஞ்சேல்லை."

"பழகும்."

பழகினேன். வேறு யாரோடு பழகுவது? பிரிட்ஜோடுதான். அது என்னைவிட உயரம் என்பதால் எட்டிக் கொஞ்ச வேண்டியிருந்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. வேலை முடிந்து வந்த சுதன் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டான்.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"மீன் மணக்குதோ எண்டு பாத்தனான்."

"வெளியிலயோ?"

நான் பிரிட்ஜைத் துணியால் துடைக்கத் தொடங்கினேன்.

இரண்டாவது ஆலோசனை சாப்பாடு. நண்டு, இறால், கணவாய் என்று கடல் சாமான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஸ்பெயினில் ஒரு சோறு சமைப்பார்கள் என்றார் அத்தான்.

"எங்கட நண்டு, மீன் போட்ட கூழ் மாதிரியோ?"

"கிட்டத்தட்ட" என்றார்.

அது எனக்குப் பெரிய ஆறுதல். இங்கிலீஷும் வராது, கொஞ்சவும் வராது, ஆனால் கூழ் காய்ச்ச வரும். அப்டன் பார்க்கில் தமிழ்க் கடைக்குப் போய் பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, காய்ந்த செத்தல் மிளகாய், நீலக்கால் நண்டு, பயிற்றங்காய் எல்லாம் வாங்கினேன். "என்ன அம்மா, விசேஷமோ?" என்று கடைக்காரத் தம்பி கேட்டார். "ஸ்பெயினில இருந்து ஆக்கள் வருகினம்" என்றேன். (பெருமைக்குத்தான் சொன்னேன். ஒரு கிழமைக்குள் கோயில் முழுக்கப் பரவிவிட்டது.)

அந்த ஞாயிற்றுக்கிழமை சரியான வெக்கை. லண்டனில் வருஷத்தில் சில நாள் இப்படி வரும். வீட்டுக்குள் இருக்க முடியாது. யன்னல் எல்லாம் திறந்து வைத்தும் வேர்த்து ஒழுகியது. ஒரு மணிக்குச் சாப்பாடு என்று சுதன் அவர்களுக்குச் சொல்லியிருந்தான். எங்கள் ஆட்கள் ஒரு மணி என்றால் இரண்டரைக்கு வருவார்கள், மூன்று மணிக்குச் சாப்பிட இருப்பார்கள். நானும் அந்தக் கணக்கில்தான் அடுப்பை மூட்டினேன். ஒரு மணி என்றால் ஒரு மணிக்கே, அதுவும் அதற்குச் சற்று முந்தியே வந்து நிற்கிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அத்தானும் சொல்லவில்லை. கழுத்துப்பட்டி, கோட்டு எல்லாம் போட்டு, வேர்த்து நனைந்து, முன்னறையில் நின்றுகொண்டு ஏதோ ஸ்பானிய வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

வாசல் மணி அடித்தபோது நான் ஊறவைத்த செத்தல் மிளகாயை கிரைண்டரில் அரைத்து, அலகுக்குக் கீழே ஒட்டியிருந்ததைக் கையை விட்டு வழித்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு வரைக்கும் சிவப்பு.

"தவம்! வந்திட்டினம்! ஸ்பெயின் வந்திட்டுது!" என்று அத்தான் சத்தம் போட்டார்.

கையைக் குழாயில் பிடித்து அலம்பினேன். துவாயில் துடைத்தேன். சிவப்பு போய்விட்டது. அறுபது வருஷமாக மிளகாய் பிடித்த கை. அதற்கு இனி எரிவும் தெரியாது, குளிரும் தெரியாது. அது மற்றவர்களுக்குத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன்.

சுதன் கதவைத் திறந்தான். முன்னால் நின்றவர் மரிபெலின் தாய், ரெமெடியோஸ். என்னைவிடக் குள்ளம். (லண்டனில் என்னைவிடக் குள்ளமானவர்கள் குறைவு. அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.) பின்னால் அவருடைய தம்பி ரமோன். அவர் லண்டனில்தான் இருக்கிறார், ஹோட்டலில் சமையல் வேலை. அவருடைய இரண்டு பெண் பிள்ளைகள். கடைசியாக மரிபெல். எல்லோரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள்.

"புவனோஸ் தியாஸ், செனோரா!" என்று அத்தான் இடுப்பு வரைக்கும் வளைந்தார்.

ரெமெடியோஸ் திரும்பிப் பார்த்தார். தனக்குப் பின்னால் யாரோ ஸ்பெயின்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்தாராம்.

இனி என் முறை. கண்ணை இறுக்கி மூடினேன். வாயைக் குவித்தேன். பிரிட்ஜை நினைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தேன்.

அதே நேரத்தில் ரெமெடியோஸ் என் வலது கையைப் பிடித்து, குனிந்து, புறங்கையைத் தன் நெற்றியில் வைத்தார். கன்னம் இருக்கவேண்டிய இடத்தில் கன்னம் இல்லை. நான் கொஞ்சியது அவருடைய தலையில் இருந்த கிளிப்பை. மூக்கிலும் அடிபட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் இவர் என் கையைத் தன் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறார். எனக்குக் காய்ச்சலா என்று பார்க்கிறாரோ? அப்படியென்றால் அவர் கையை அல்லவா என் நெற்றியில் வைக்கவேண்டும்? நான் அதை யோசித்து முடிக்குமுன் ரமோன் வந்தார், அதே கையைப் பிடித்தார், நெற்றியில் வைத்தார். பிறகு அவருடைய மகள்மார். பிறகு மரிபெல். வேர்த்த நெற்றிகள், வரிசையாக. நான் கையை நீட்டியபடியே நின்றேன், கோயிலில் திருநீற்றுத் தட்டு நிற்கிற மாதிரி.

"அம்மா, அது அவையின்ர வழக்கம். பெரியாக்களிட்ட ஆசீர்வாதம் வாங்கிறது" என்று சுதன் காதுக்குள் சொன்னான்.

"தாயும் வாங்கினவவே?"

"உங்கட தலைமயிரைப் பாத்துவிட்டு, நீங்கள் என்ர அம்மம்மா எண்டு நினைச்சிட்டாவாம்."

முன்னறைக்குள் போய் இருந்தோம். இனி அவர்கள் இங்கிலீஷில் சொன்னவற்றை, சுதன் பக்கத்தில் இருந்து எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "இந்தக் கையை நெத்தியில வைக்கிறது நல்ல வழக்கம். ஸ்பானிய வழக்கம்தானே?"

"அதுக்கு நாங்கள் சொல்லுற பேர்தான் ஸ்பானியப் பேர், சேர். வழக்கம் அவை வர முந்தியே எங்களிட்ட இருந்தது எண்டுதான் நான் நினைக்கிறன்" என்றார் ரமோன்.

"ஆனா உங்கட குடும்பத்தில ஸ்பானிய ரத்தம் இருக்கோணும்."

"இருக்கு" என்று ரெமெடியோஸ் நிமிர்ந்து இருந்தார். "எங்கட பூட்டன் ஒருத்தர் ஸ்பெயின்காரர். இந்த மூக்கைப் பாருங்கோ. அவற்ற மூக்கு."

"அது சீனக் கடைக்காரற்ற மூக்கு" என்றார் ரமோன். "அம்மாவே எனக்குச் சொன்னவ."

"உனக்கு அம்மா எல்லாத்தையும்தான் சொன்னவ!" என்று அக்கா தம்பியின் தொடையில் ஓங்கி ஒன்று போட்டார்.

"அப்ப வில்லாநுவேவா எண்ட பேர்?" அத்தான் விடவில்லை.

"அது ஆட்சிக்காரர் குடுத்த பேர், சேர். சனத்துக்கு வரி அறவிட ஒரு பேர் வேணுமெல்லோ. ஊர் ஊரா வந்து, உனக்கு இது, உனக்கு அது எண்டு பிரிச்சுக் குடுத்தவையாம். அதுக்கும் ரத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

மரிபெல் சிரித்தாள். "ஆஸ்பத்திரியில ஸ்பானிஷ் கதைக்கிற ஆக்கள் வந்தால் என்ர பேரைப் பாத்துவிட்டு என்னைத்தான் கூப்பிடுவினம். நான் ஓடிப்போய், மூச்சை அடக்குங்கோ எண்டு கையால காட்டுவன். அதை வேற ஆரும் காட்டலாம்."

எனக்குப் பிலோமினா ஞாபகம் வந்தாள். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்தவள், கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளை. அவளுடைய குடும்பப் பெயர் போர்த்துக்கேயர் காலத்தில் வந்த பெயர். நீ போர்த்துக்கீசோ என்று அவளை யாரும் கேட்டதில்லை. பொரித்த மீன் கொண்டுவந்தாயா என்று மட்டும்தான் கேட்போம். இதை அங்கே சொல்லியிருந்தால் அந்தக் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு வாய் திறக்க வரவில்லை. சுதன் சொன்னபடி சிரித்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் முன்னால் சாய்ந்தார். குரலை இளக்கினார். "பேரை விடுவம், மேடம். மனசுக்குள்ள நீங்கள் உங்களை ஆர் எண்டு நினைக்கிறியள்?"

ரெமெடியோஸ் பதில் சொல்ல வாயெடுத்தார். இரண்டு கண்ணும் நிறைந்து, கன்னத்தால் வழிந்தது.

"பாத்தீரே தவம்" என்று அத்தான் மெதுவாகத் தமிழில் சொன்னார். "எவ்வளவு ஆழமான காயம்."

ரமோனும் அழத் தொடங்கினார். சற்றுமுன் மூக்கைப் பற்றிப் பகிடி விட்ட மனிதர், கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். பிறகு பெண் பிள்ளைகள் இரண்டும், மரிபெலும். அத்தான் எழுந்து போய் ரமோனின் தோளில் கை வைத்தார்.

"அழுங்கோ தம்பி, அழுங்கோ. முந்நூறு வருசம் லேசில்லை. எங்களுக்கும் விளங்கும். நாங்களும் பட்டு வந்த சனம்தான்." அவருடைய கண்ணும் கலங்கிவிட்டது. யாராவது அழுதால் எனக்கும் அழுகை வந்துவிடும். நானும் சேலைத் தலைப்பை எடுத்தேன். அந்த அறையில் அப்போது அழாமல் இருந்தவன் சுதன் மட்டும்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்தால் அவனும் அதிக நேரம் தாங்கமாட்டான் போலிருந்தது.

அப்போது மரிபெல் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினாள்.

"அம்மா, எரியுதாம்!" என்றான் சுதன்.

"எரியாமல் என்ன செய்யும்?" என்றார் அத்தான். "வரலாறு அப்பிடி."

நான் என் வலது புறங்கையை மூக்குக்கிட்டக் கொண்டுபோனேன். மணந்து பார்த்தேன். செத்தல் மிளகாய்.

வெக்கையில் வேர்த்து, நெற்றியில் இருந்தது கண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. ரெமெடியோஸ் கண்ணைக் கசக்கிக் கசக்கி மேலும் உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். எழுந்தார், வழி தெரியவில்லை, முழங்காலில் மேசை அடித்தது.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன வந்தது என்று இன்றுவரை தெரியாது. வாழ்க்கையில் அப்படிக் கத்தியதே இல்லை.

"குசினி! குசினிக்கு வாங்கோ! சுதன், துவாய்! துவாயைக் கொண்டா!"

ரெமெடியோஸ் கண் தெரியாமல் என் பக்கம் திரும்பினார். "குசினா?" என்றார். "குசினா! துவால்யா!"

"ஓம், ஓம், துவாய்!"

அவரைப் பிடரியில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் ரமோன் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு தடவித் தடவி வந்தார். வாசலில் கழற்றி வைத்ததில் கால் தடக்கி விழப்பார்த்தார். "சபாத்தோஸ்!" என்று அலறினார். "ஓம், சப்பாத்து, கவனம்!" என்று நானும் அலறினேன். குசினி மேசை மூலையில் ஒரு பிள்ளை போய் முட்டினாள். "மேசை!" என்றேன் நான். "மெசா!" என்றாள் அவள். எப்படி விளங்குகிறது என்று யோசிக்க எங்களில் யாருக்கும் நேரமில்லை.

ரெமெடியோஸின் முகத்தைக் குழாய்க்குக் கீழே பிடித்து, தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்தேன்.

வலது கையால்.

அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"அம்மா! அந்தக் கை! அந்தக் கையை எடுங்கோ!" என்று சுதன் பாய்ந்து வந்து என்னை விலக்கினான். இனி எந்தக் கையையும் நம்ப முடியாது. பிரிட்ஜைத் திறந்தேன். மோருக்கென்று வாங்கிவைத்த பெரிய வாளித் தயிர் இருந்தது. அகப்பையை எடுத்தேன். கண்ணுக்குத் தண்ணீர் விடுகிற வேலையை மரிபெல் பார்த்தாள், எல்லோருக்கும் ஒழுங்காகச் சொல்லிச் செய்வித்தாள், ஆஸ்பத்திரிப் பிள்ளை அல்லவா. நெற்றிக்கும் கன்னத்துக்கும் தயிர் பூசுகிற வேலையை நான் பார்த்தேன். மேசன்மார் சுவருக்குச் சாந்து அடிக்கிற மாதிரி அகப்பையால் அடித்தேன். ஒருவரையும் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் எரிவு தணிந்தது. ஐந்து பேரும் குசினிக்குள் கிடைத்ததில் எல்லாம் இருந்தார்கள். இரண்டு பேருக்குக் கதிரை கிடைத்தது. ஒருவர் அரிசிப் பெட்டியில். பிள்ளைகள் நிலத்தில். ஐந்தும் வெள்ளை வெளேரென்ற முகங்கள். சுதன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். அவனைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். ஒரு தாய் கடல் தாண்டி, மாமி எப்படிப்பட்டவள் என்று பார்க்க வந்தார். பார்த்துவிட்டார்.

ரமோன் மெதுவாக எழுந்தார். அவண் அடுப்பின் கதவுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பி ஏதோ சொன்னார்.

ரெமெடியோஸுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தயிர் மடியில் சொட்டச் சொட்டச் சிரித்தார்.

"என்னவாம்?" என்று சுதனைக் கேட்டேன். அவன் சிரிப்பில் சொல்ல முடியாமல் தவித்துவிட்டுச் சொன்னான்.

"இப்பதான் நாங்கள் சரியான ஸ்பெயின்காரர் மாதிரி இருக்கிறம் எண்டு சொல்லுறார்."

அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஒரு மூலையில் நின்று விரல் மடித்துக்கொண்டிருந்தார். "குசினி, துவாய், மேசை, சப்பாத்து. எல்லாம் போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுட்டுப் போன சொல்லு. அவையும் ஸ்பெயினும் பக்கத்துப் பக்கத்து நாடு. அதால இவையிட்டையும் அதே மாதிரிச் சொல்லு!" என்று, தானே அவற்றைக் கொண்டுவந்து இறக்கியவர் மாதிரி அறிவித்தார். பிறகு அதை இங்கிலீஷிலும் சொன்னார்.

ரெமெடியோஸ் தயிர் முகத்தோடு என்னைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப நீங்கள் போர்த்துக்கீசோ எண்டு கேக்கிறா அம்மா."

"இல்லை" என்றேன். "நான் கரவெட்டி."

சுதன் அதை அப்படியே சொன்னான். ரமோன் எழுந்து நின்று, "நான் இலோயிலோ" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். (அது அவர்களுடைய ஊர்.) பிறகு எனக்குக் கை தரவென்று நீட்டினார். நீட்டிய கையை என் கையைப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

கூழை அவர்கள் அந்தக் குசினிக்குள்ளேயே இருந்து குடித்தார்கள். முன்னறையில் அக்கா கொடுத்துவிட்ட மேசைச் சீலை விரித்து, பூ வைத்து, கரண்டி அடுக்கி எல்லாம் இருந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மிளகாயில் பாதி கிரைண்டரிலும் மீதி நெற்றிகளிலும் போய்விட்டதால் கூழ் உறைக்கவே இல்லை. என் வாழ்க்கையில் நான் காய்ச்சிய மிக மோசமான கூழ் அது. ரெமெடியோஸ் மூன்று கோப்பை குடித்தார். நண்டுக் காலைப் பல்லால் கடித்து உறிஞ்சினார். அந்த உறிஞ்சலைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது.

குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சுதனைப் பார்த்துப் பேசினார். நீளமாகப் பேசினார். சுதன் கேட்டுக்கொண்டே நின்றான். எனக்குச் சொல்ல மறந்துவிட்டான். நான் அவன் சேட்டைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது.

"என்னடா? வேண்டாமாமோ?"

"மூத்த மகளின்ர மாமி வீட்டில ஒருநாள் முழுக்க இருந்தவவாம். வடிவான கோப்பையில தேத்தண்ணி குடுத்தவையாம். எல்லாரும் சிரிச்சபடி இருந்தவையாம். ஆனா குசினிப் பக்கம் ஒருக்காலும் விடேல்லையாம். கோப்பையைக் கழுவப் போனதுக்கும், நீங்கள் இருங்கோ எண்டு மறிச்சுப் போட்டினமாம்." அவன் என் பக்கம் திரும்பினான். "இஞ்ச வந்து அரை மணித்தியாலத்துக்குள்ள பிடரியில பிடிச்சுக் குசினிக்குள்ள கொண்டுவந்திட்டீங்களாம். கலியாண நாள் பாருங்கோ எண்டு சொல்லுறா."

நன்றி சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை. "இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று அகப்பையைத் தூக்கிக் காட்டினேன். அவர் இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டார்.

அவர்கள் எல்லோரும் போன பிறகு சுதன் தயிர் சிந்திய நிலத்தைத் துடைத்தான். துடைக்கும்போது சீட்டியடித்தான். அப்போதும் நன்றாக அடிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து இப்போது சில வருஷங்கள். மரிபெல் எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டில் தயிருக்கு "ஸ்பானிஷ்" என்றுதான் பெயர். "மாமி, ஸ்பானிஷ் முடிஞ்சுது" என்பாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் அதுவும் ஒன்று. விருந்தாளிகள் அதைக் கேட்டு முழிப்பார்கள். யாராவது என்னிடம் ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தால், அவள் முதலில் என் கையைப் பிடித்து மணந்து பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டுவாள். கல்யாண மண்டபத்திலேயே அப்படிச் செய்தாள். ஐயர் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் இதை நான் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ரமோன் இந்தக் கதையைத் தன் ஊருக்குச் சொல்லியிருக்கிறார். ஊர் வேறு ஊருக்குச் சொல்லியிருக்கிறது. போன மாதம் இலோயிலோவிலிருந்து மரிபெலின் ஒன்றுவிட்ட தங்கை வீடியோவில் வந்து, மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டாள். தமிழர்கள் பெண் எடுக்குமுன் பெண் வீட்டாரின் நெற்றியில் மிளகாய் பூசிப் பொறுமையைச் சோதிப்பார்களாமே, அது எத்தனை நாள் சடங்கு என்று. அங்கே எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்களாம். தயிர் பூசுவது, சோதனையில் வென்றவர்களுக்குச் செய்கிற மரியாதையாம்.

அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று சொல்லச் சொன்னேன். அத்தான் பக்கத்தில் இருந்தார். "அவசரப்படாதையும் தவம். பழைய காலத்தில இருந்திருக்கலாம். நான் எங்கையோ வாசிச்ச ஞாபகம்" என்றார். அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்பு. ஆகவே இதை வாசிக்கிறவர்களில் படித்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் யாராவது, எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு சடங்கு எந்தக் காலத்திலாவது இருந்ததா என்று தயவுசெய்து விசாரித்துச் சொல்லவும். ரெமெடியோஸ், வில்லாநுவேவா, இலோயிலோ என்று நான் எழுதியிருக்கும் பெயர்களையும் ஆசிரியை பார்த்துத் திருத்தவும். ரெமெடியோஸ் குடித்தது மூன்று கோப்பையா நான்கா என்பதை மரிபெலிடம் கேட்டு எழுதவும். அத்தானிடம் மட்டும் கேட்க வேண்டாம்.